பொன்ரெனேயின் எளிமை

பிரான்சின் பேர்கண்டிக் கிராமப்புறத்திலே 1118இல் புனித பேர்னாட் நிறுவிய பொன்ரெனே சிஸ்ரேசிய மடாலயத்தைப் புகழ்வோர், அதன் எளிமையைத் துறவுள்ளத்தின் நேரடி வெளிப்பாடாகவே கொள்வர். கிளூனித் துறவிகளின் ஆடம்பரத்தைப் பேர்னாட் கண்டித்தமை உண்மையே. 1147இல் பாப்பரசர் மூன்றாம் இயூஜின் அர்ச்சித்த தேவாலயத்திற் சிற்ப அலங்காரமில்லை; நடுக்கூடத்தின் மேற்சுவரிற் சாளரமுமில்லை.

எனினும் எளிமை வேறு, வறுமை வேறு. இதற்குப் பொருளுதவியவர் நொரிச்சின் முன்னாள் ஆயர் எபராட். நடுக்கூடத்தின் கூரிய கவிமாடம் தள்ளும் பாரத்தைப் பக்கக்கூடங்களின் குறுக்குக் கவிமாடங்கள் வாங்கிக்கொள்கின்றன. சாளரம் வையாமலே உறுதி தேடிய இவ்வமைப்பு மலிவானதன்று.

தேவாலயச் சுவரை வியந்தோர் பலர் அப்பாலுள்ள இரும்புப் பட்டறையை ஒரு வரியிற் கடந்துவிடுவது வியப்பே. ஏறத்தாழ 53 மீற்றர் நீளமான அக்கட்டடத்திலே ஓடைநீரின் விசைகொண்டு இரும்பு அடிக்கப்பட்டது. சிஸ்ரேசிய மடங்களிற் பட்டறையிலும் வயலிலும் பெரிதும் உழைத்தோர் உழைப்புச் சகோதரரே. துறவாடை அணிந்தும், மடாதிபதியைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்க்கில்லை. வெண்சுவரின் தூய்மையை மட்டும் பேசும் விமர்சனம் இவர்களைக் காண்பதில்லை. வழிபாட்டிலும் அவர்களுக்குரியது நடுக்கூடத்தின் மேற்குப் பகுதியே. தடுப்புக்கு அப்பாலே பாடற்றுறவியர் நின்றனர்.