பேச்சில் தேறும் தொழில்

இங்கிலாந்தில் 1986இல் என்.வி.க்யூ தொழில்தகுதிகளுக்கான ஏற்பாடு தொடங்கியபோது அதன் அடிப்படை எண்ணம் நேரானது: தேர்வு மண்டபத்தில் எழுதச் சொல்லாமல், வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துத் தகுதி கொடுப்பது. ஆனால் எல்லா வேலையையும் போய்ப் பார்த்துவிட முடியாது. முதியோர் இல்லத்தில் ஒருவரைக் குளிப்பாட்டும்போது மூன்றாம் மனிதர் குறிப்பேட்டோடு நிற்பது அந்த முதியவரை அவமதிப்பதாகும். 'மகன் அடிக்கிறான்' என்று ஒரு மூதாட்டி பராமரிப்பாளரிடம் மட்டும் வாய்திறக்கும் நாளில் மதிப்பீட்டாளர் அங்கே இருக்கப்போவதுமில்லை. இத்தகைய இடங்களுக்குப் பொருத்தமானது தொழில்முறைக் கலந்துரையாடல். மதிப்பீட்டாளரும் தொழிலாளரும் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு முழுவதும் பதிவாகும். அந்தப் பதிவே சான்று. 2020இல் கொரோனா வந்து இல்லங்களின் கதவுகள் வெளியாருக்கு மூடப்பட்டபோது இணையவழியில் இதற்குத் தேவை கூடியது.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பராமரிப்பு வேலையில் இருப்பவர்களில் எழுத்தென்றாலே ஒதுங்குகிறவர்கள் உண்டு, டிஸ்லெக்சியா உள்ளவர்கள் உண்டு. இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் திணறுகிற ஒருவர், இரவுப் பணியில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் ஒரு நுணுக்கத்தையும் விடாமல் சொல்லிவிடுவார். எழுதிக் கொடுத்த கட்டுரை யாருடையது என்ற சந்தேகம், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் எல்லோருக்கும் உண்டு. நேருக்கு நேர் பேசும்போது இரவல் சரக்கு அடுத்த கேள்விக்கே தாங்காது. 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்க முடிவதுதான் இந்த முறையின் உயிர்.

சிக்கல் தொடங்குவதும் கேள்வியில்தான். மருந்து வேண்டாம் என்று ஒரு முதியவர் மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் இப்படிக் கேட்கலாம்: "கடைசியாக ஒருவர் மருந்தை மறுத்தபோது என்ன நடந்தது?" அதற்கு வரும் பதில்: "வற்புறுத்தவில்லை. அரை மணி கழித்து மறுபடி போனேன். அப்போதுதான் வாயைத் திறந்து புண்ணைக் காட்டினார். நர்ஸிடம் சொன்னேன், பதிவுத்தாளிலும் குறித்தேன்." இதில் ஒரு தொழிலாளர் தெரிகிறார். இன்னொருவர் கேட்பது: "மறுத்தால் வற்புறுத்தமாட்டீர்கள், தாளில் குறித்துவிட்டு நர்ஸிடம் சொல்வீர்கள், அப்படித்தானே?" இதற்கு 'ஆமாம்' போதும். இரண்டு பதிவுகளுக்கும் எதிரே படிவத்தில் விழுவது ஒரே 'டிக்'. இரண்டாவது பதிவில் கேட்பது மதிப்பீட்டாளரின் அறிவு மட்டுமே.

கேட்பவரைப் பொறுத்துப் பதிலின் தரமே மாறுகிறது என்பதற்கு ஆய்வு உண்டு. மொழித்தேர்வு ஆய்வாளர் ஆனி பிரவுன் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஒரே மாணவியை இருவர் தனித்தனியே நேர்கண்டார்கள். ஒருவர் தெளிவாகக் கேட்டு, பேச்சை வளர்த்துக்கொண்டு போனார். மற்றவர் அப்படிச் செய்யவில்லை. மதிப்பெண் வேறுபட்டது, வேறுபாடு மாணவியுடையதாகவே எண்ணப்பட்டது. அது மொழித் தேர்வு. தொழில் தேர்விலோ மொழி அளக்கப்படவே கூடாது. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா வழியைத் திறந்தபின் இந்தியாவிலிருந்தும் பலர் அங்கே போனார்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர் தேர்ந்த தொழிலாளராகவும், சொல் தேடித் தயங்குகிறவர் வேலை தெரியாதவராகவும் காதுக்குப் படுவது பெரிய அநியாயம். அந்தத் தயக்கத்தைப் பொறுத்து அடுத்த கேள்வியைக் கேட்கப் பயிற்சி வேண்டும்.

பதிவு இருக்கிறதே, யாரும் திருப்பிக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம்தான். ஆனால் 45 நிமிடப் பதிவை முழுதாகச் சரிபார்க்க 45 நிமிடம் வேண்டும். தாளைப் புரட்டுவதுபோல் ஒலியைப் புரட்ட முடியாது. அதனால் எந்த நிமிடத்தில் எந்த அளவுகோலுக்கான பதில் வருகிறது என்று மதிப்பீட்டாளர் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறார். மதிப்பீட்டாளரின் வேலையைச் சரிபார்க்கும் உள்தரச் சரிபார்ப்பாளர் மாதிரிக்கு எடுத்த பதிவில் அந்த நிமிடங்களைத் தொட்டுக் கேட்டால் நல்ல பதில்தான் காதில் விழும். அதற்கு முந்தைய நிமிடத்தில் பதிலை ஊட்டிவிட்ட கேள்வி விழாது. எங்கே கேட்க வேண்டும் என்பதைச் சோதனைக்குள்ளாகும் ஆளே முடிவு செய்கிறார். இந்த முறையின் பெரிய ஓட்டை இது என்பேன். இதில் பணமும் கலந்திருக்கிறது: வேலை செய்துகொண்டே கற்கும் அப்ரெண்டிஸ் படிப்பை மாணவர் முடித்தால்தான் பயிற்சி நிறுவனத்துக்கு அரசு நிதியின் கடைசி 20 சதவீதம் கைக்கு வரும்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு படிகளாக்கினார்: தெரிந்திருப்பது, எப்படி என்று அறிந்திருப்பது, செய்துகாட்டுவது, அன்றாடம் செய்வது. கலந்துரையாடல் எவ்வளவு சிறந்தாலும் இரண்டாம் படிக்குமேல் அதற்கு அதிகாரமில்லை. ஆனால் பராமரிப்புப் பணியாளருக்கான அப்ரெண்டிஸ் இறுதி மதிப்பீடு தொடக்கத்தில் வந்தபோது, அதில் ஒரு பலவுள் தெரிவுத் தேர்வும் 45 நிமிடக் கலந்துரையாடலும்தான் இருந்தன. நேரில் பார்த்த சான்று அதற்கு முந்தைய டிப்ளமோவோடு முடிந்துபோனது. முதியவரைத் தூக்கும் கருவியின் பட்டியை உடலுக்கடியில் மடிப்பு விழாமல் செலுத்துவது கையின் வேலை. வாய் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

2025 பிப்ரவரியில் இங்கிலாந்து அரசு, அப்ரெண்டிஸ் மதிப்பீட்டில் ஒரு பகுதியைப் படிப்புக்காலத்திலேயே நடத்தவும், பயிற்சி நிறுவனங்களே அதில் பங்கெடுக்கவும் வழிவிடுவதாக அறிவித்தது. இறுதி மதிப்பீட்டை நடத்திவந்த வெளியாரின் கண் ஓரளவு விலகும் நேரத்தில் சில கட்டாயங்கள் வேண்டும். நேரில் பார்க்கக்கூடிய எதையும் பேச்சால் தேற்றக் கூடாது. ஒவ்வொரு கலந்துரையாடலும், நடந்த ஒரு பணிநேரத்தையோ, பெயர் மறைத்த ஒரு பராமரிப்புத் திட்டத்தையோ கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். சரிபார்ப்பாளர் ஒவ்வொரு மதிப்பீட்டாளரிடமிருந்தும் ஒரு பதிவையாவது, நிமிடக் குறிப்பைப் பார்க்காமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். கேட்கும்போது பதில்களுக்கு முன் கேள்விகளை எடைபோட வேண்டும். அதற்கான நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.