பற்றவைப்பின் நிறம்

ஜப்பானின் இபராக்கி மாநிலத்திலுள்ள ட்சுகுபா பந்தயத் தடம், சுற்றுக்கு 2 கிலோமீட்டர் சொச்சம்தான். அதை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கவே 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரை எத்தனையோ பட்டறைகள் பிரித்துக் கோத்திருக்கின்றன. டர்போ பற்றி எல்லோரும் பேசுவார்கள். என் கண் போவது டைட்டானியம் சைலன்சர் குழாயின் வளைவுக்கு. சிறுசிறு துண்டுகளாகச் சாய்வாக அறுத்து, டிக் வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். மீன் செதில் மாதிரி சீராக அடுக்கியிருக்கும், அத்தனை அழகு! சூடான டைட்டானியத்தில் காற்று படக்கூடாது. குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயுவை ஓடவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். காற்று பட்டுச் சாம்பல் பூத்தால் உலோகம் நொறுங்கும், அறுத்துப்போட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான். பற்றவைத்த இடத்தில் பளபளக்கும் நீலத்தைப் பார்த்து மயங்காதீர்கள்; வெள்ளி நிறம் மாறாத இணைப்புதான் முதல்தர வேலை.