ஞாபகம்: கேள்வியும் ஒரு கட்சிதான்

ஞாபகத்தைக் கிடங்கு என்றே பேசிப் பழகிவிட்டோம். போட்டது அப்படியே கிடக்கும், வேண்டும்போது எடுத்துக்கலாம் என்கிற நினைப்பு. 1932இல் பார்ட்லெட் இதை உடைத்தார். அவர் வாசிக்கக் கொடுத்த செவ்விந்தியக் கதையைத் திரும்பச் சொன்ன ஆங்கிலேயர்கள் சீல் வேட்டையை மீன்பிடிப்பாக்கினார்கள். நினைவுகூர்தல் என்பது எடுத்தல் அல்ல, மறுபடி எழுதுதல்.

1974இல் லாஃப்டஸும் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடம் கேள்வி. 'மோதி நொறுங்கியபோது' என்று வேறு 50 பேரிடம். ஒரு வாரம் கழித்து: உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா? படத்தில் அப்படி எதுவும் கிடையாது. 'மோதிய'வர்களில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்கிய'வர்களில் 16 பேர்.

சாட்சி சொல்றதெல்லாம் கற்பனை என்று இதை முடித்துவிடுவது வசதி. யாருக்கு? அடிபட்டவர் தேதி பிசகினாலே மொத்தமும் பொய் என்று தள்ளுகிற குறுக்கு விசாரணைக்கு. 'நொறுங்கிய'வர்களிலும் 34 பேர் கண்ணாடியைப் பார்த்ததாகச் சொல்லவில்லையே! சோதனை அம்பலப்படுத்துவது வேறொன்றை: கேட்பவரின் வினைச்சொல் பதிலுக்குள் புகுந்துவிடுகிறது. பிறகு பதிவேட்டில் பதில் மட்டும் நிற்கும், கேள்வி காணாமல் போயிருக்கும்.

போலீசை மட்டும் சொல்லவில்லை. உண்மையறியும் குழுவாகப் போகிற நாமும் "எத்தனை பேர் வெட்டினாங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். 'வெட்டு' நாம் கொண்டுபோன சொல்லாக இருக்கலாம். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றுவிட்டு வாயை மூடிக் கேட்கணும். அறிக்கையில் நம் கேள்வியையும் அச்சிடணும்.