பகிர்வு சர்வரில் பல ஐபி முகவரிகள்

ஒரே சர்வரின் வட்டையும் நினைவகத்தையும் நூற்றுக்கணக்கான இணையதளங்களுக்குப் பங்கிட்டு வாடகைக்கு விடுவது பகிர்வு ஹோஸ்டிங் எனப்படும். அத்தகைய சர்வருக்குப் பல ஐபி முகவரிகளைக் கொடுத்துத் தளங்களை அவற்றினிடையே பிரித்து வைக்கும் வழக்கம், தொடக்கத்தில் தொழில்நுட்பத் தேவையால் எழுந்தது: எந்தத் தளம் கேட்கப்படுகிறது என்பதை முகவரியைக் கொண்டே சர்வர் அறிய வேண்டியிருந்தது. வேண்டிய தளத்தின் பெயரை உலாவி தன் கோரிக்கையிலேயே குறிப்பிட வேண்டும் என்பது 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறையில் கட்டாயமாயிற்று. அதன் பின்னரும், மறையாக்கத் தொடர்பில் சான்றிதழைக் காட்டும் கட்டத்தில் அப்பெயர் சர்வருக்குத் தெரியாததால், எஸ்எஸ்எல் சான்றிதழ் பெற்ற தளங்களுக்குத் தனி முகவரி வேண்டியிருந்தது. தொடர்பின் தொடக்கத்திலேயே பெயரை அறிவிக்கும் எஸ்என்ஐ முறை 2003இல் வரையறுக்கப்பட்டு, பழைய உலாவிகள் மறைந்து அது பரவலானதும் அந்தத் தேவையும் நீங்கியது.

இன்று எஞ்சியுள்ள வலுவான நியாயம், ஒருவர் செய்த தவறின் பழி முகவரியைப் பகிர்ந்துகொள்வோர் அனைவர் மேலும் விழாமல் காப்பதே. ஆஸ்திரேலியாவில் 2013இல், மோசடித் தளம் ஒன்றை முடக்குவதற்காகப் அந்நாட்டின் பங்குப் பத்திர மற்றும் முதலீட்டு ஒழுங்காற்று ஆணையம் ஓர் ஐபி முகவரியைத் தடுக்கச் செய்தபோது, அம்முகவரியில் இருந்த, மெல்போர்ன் ஃப்ரீ யுனிவர்சிட்டி உள்ளிட்ட 1,200க்கும் மேற்பட்ட தளங்கள் உடன் முடங்கின. எக்குற்றமும் செய்யாத அத்தளங்களுக்கு நேர்ந்தது அநீதி. முகவரிகள் பல இருந்திருந்தால் அதன் பரப்பு சுருங்கியிருக்கும்.

மின்னஞ்சலிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு கணக்கு ஊடுருவப்பட்டு அதிலிருந்து ஸ்பேம் கிளம்பினால், அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி தடுப்புப் பட்டியலில் ஏறி, அண்டைத் தளங்களின் கடிதங்களும் திருப்பி அனுப்பப்படுகின்றன. ஆனால் தனி முகவரிக்குப் பணம் கட்டியவர் இதிலிருந்து தானாகவே தப்பிவிடுவதில்லை. சர்வரை நோக்கி வரும் கோரிக்கைகள் அவரது முகவரிக்கு வந்தாலும், வெளியே செல்லும் அஞ்சல், அமைப்பில் தனியாக மாற்றாத வரை, பெரும்பாலும் சர்வரின் முதன்மை முகவரி வழியாகவே போகிறது. அஞ்சல் மென்பொருளில் டொமைன்வாரியாக முகவரியைக் குறித்து, அதற்குப் பொருந்தும் பிடிஆர் பதிவையும், அதாவது முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவையும், அமைத்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டு.

அப்போதும் பிரிவது முகவரி மட்டுமே. வட்டும், செயலியும், இயங்குதளக் கருவும் பொதுவாகவே இருப்பதால், சர்வர் முழுவதும் ஊடுருவப்பட்டால் எந்த முகவரியும் காப்பாற்றாது. தனி முகவரி கூகுள் தேடலில் முன்னிடம் தரும் என்ற விற்பனைப் பேச்சுக்கு ஆதாரமில்லை. அதை நம்பிச் செலவிடுவது வீண். அத்துடன் முகவரிகளும் அரிதாகிவிட்டன: பழைய வகையான ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அமேசானின் மேகச் சேவை 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. இந்நிலையில் வாடிக்கையாளருக்கு ஒன்றாக முகவரிகளை வாரி வழங்குவதைவிட, வலைக்கு ஒன்று, நம்பகமான அஞ்சலுக்கு ஒன்று, இன்னும் சோதிக்கப்படாத புதுக் கணக்குகளின் அஞ்சலுக்கு ஒன்று எனப் பயன்பாட்டை ஒட்டிச் சிலவற்றை மட்டும் ஒதுக்குவது பொருத்தமானது. முகவரிகள் ஏராளமாகக் கிடைக்கும் புதிய வகையான ஐபிவி6இலும் எண்ணிக்கை உதவாது. தடுப்புப் பட்டியல்கள் அங்கு 64 பிட் முன்னொட்டைப் பகிரும் தொகுதி முழுவதையுமே பெரும்பாலும் ஒரே அனுப்புநராகக் கொள்கின்றன.