நிலைப்படுத்தலும் நீதியும்: ஆப்கானிஸ்தான் பற்றிய 2018ஆம் ஆண்டு அமெரிக்க அறிக்கை – ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: நிலைப்படுத்தல், அமைதிக் கட்டமைப்பு, ஆப்கானிஸ்தான், மார்ஜா, ஆட்சி ஏற்பு

முன்னுரை

போரால் சிதைந்த நாடுகளில் வன்முறையைத் தணித்து, உள்ளூர் ஆட்சி இயங்குவதற்கான சூழலை உருவாக்க வெளிநாட்டு அரசுகள் அளிக்கும் உதவி 'நிலைப்படுத்தல்' எனப்படுகிறது. நீடித்த அமைதிக் கட்டமைப்புக்கு இது முதற்படியாகக் கருதப்படுகிறது. ஆப்கானிஸ்தானில் 2002 முதல் 2017 வரை அமெரிக்கா மேற்கொண்ட நிலைப்படுத்தல் பணிகளை மதிப்பிட்டு, ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தணிக்கை அலுவலகம் 2018 மே மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிக்கையின் வலிமை

தன் அரசின் தோல்வியைத் தானே பதிவு செய்யும் நேர்மை இவ்வறிக்கையின் முதற்சிறப்பு. ஆட்சி நிறுவனங்களை உருவாக்கிச் சீர்திருத்தும் தன் ஆற்றலை அமெரிக்கா மிகையாக மதிப்பிட்டது என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. பாதுகாப்பற்ற மாவட்டங்களே முதலில் தெரிவு செய்யப்பட்டன. பணம் விரைந்து செலவிடப்பட்டது. கிட்டிய பயன் வெளிநாட்டுப் படையினரும் அலுவலர்களும் அங்கிருந்த காலத்தைக் கடந்து அரிதாகவே நிலைத்தது. இவ்விரைவுக்கான காரணம் வாஷிங்டனின் அரசியல் நாட்காட்டியில் இருந்தது. 2009 டிசம்பரில் 30,000 படைவீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்த ஒபாமா, 2011 ஜூலையில் படைவிலக்கம் தொடங்கும் என்பதையும் அவ்வுரையிலேயே அறிவித்தார். தலைமுறைக்கணக்கில் வளரவேண்டிய நம்பிக்கைக்கு ஒன்றரை ஆண்டே தவணையாயிற்று.

அறிக்கையின் வரம்பு

காலம், வரிசைமுறை, பணியாளர் திறன் ஆகியவையே அறிக்கையின் முதன்மை முடிவுகளில் மேலோங்கி நிற்கின்றன. அலுவலர்களின் ஊழலை அறிக்கை பேசாமல் இல்லை. ஆயினும், எந்த ஆட்சியை மக்களிடம் கொண்டு சேர்ப்பது என்ற வினா அதில் உரிய இடம் பெறவில்லை.

ஹெல்மண்ட் மாகாணத்து மார்ஜா இதற்குத் தக்க சான்றாகும். 2010 பிப்ரவரியில் அமெரிக்க, ஆப்கானியப் படைகள் அப்பகுதியைத் தாலிபான்களிடமிருந்து கைப்பற்றின. முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்ட நிர்வாகத்தை உடனே அங்கு நிறுவுவது திட்டம். ஆனால் தாலிபான்களுக்கு முன்பு அங்கிருந்த காவலர்களின் கொள்ளையும் கொடுமையும் மக்கள் நினைவிலிருந்து அகலவில்லை. அக்காவலர்களை மீண்டும் அனுப்பவேண்டா என ஊர்ப் பெரியவர்கள் வேண்டிக்கொண்டமை அக்காலச் செய்திகளில் பதிவாகியுள்ளது. அம்மக்கள் அஞ்சியது ஆட்சி இல்லாமையை மட்டுமன்று. முன்பு தாம் கண்ட ஆட்சியின் மீள்வரவையும்தான்.

நிலத்தகராறுகளுக்குத் தாலிபான் நீதிமன்றங்களை மக்கள் நாடியதும் இவ்வாறே விளங்கிக்கொள்ளத்தக்கது. அந்நாடுதலில் அச்சத்திற்கும் பங்குண்டு. எனினும், கையூட்டின்றி விரைந்து கிடைக்கும் தீர்ப்பு அரசு நீதிமன்றங்களில் அரிதாக இருந்தது. பள்ளியும் சாலையும் அக்குறையை ஈடுசெய்ய இயலவில்லை. திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைக்கிறது. கோல் இருப்பது வேறு, அது செங்கோலாக இருப்பது வேறு என்னும் அவ்வேறுபாட்டையே நிலைப்படுத்தல் கொள்கை தவறவிட்டது எனலாம்.

மாற்று வரையறை

அதே 2018இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, பாதுகாப்புத் துறை, பன்னாட்டு வளர்ச்சி முகமை ஆகியவை இணைந்து வெளியிட்ட மீளாய்வு, நிலைப்படுத்தலை ஓர் அரசியல் முயற்சி என வரையறுத்தது. உள்ளூர் அளவில் ஏற்புடைய அதிகார அமைப்புகள் மோதல்களை அமைதியாகக் கையாளும் நிலையே அதன் இலக்கு. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். எனினும், அவ்வேற்பை யார் உறுதி செய்வது என்பது தெளிவாகாதவரை, உதவி வழங்கும் அரசு தனக்கு உகந்தவரையே ஏற்புடையவராகக் கொள்ளும் வாய்ப்பு நீடிக்கிறது.

முடிவுரை

2021 ஆகஸ்டில் காபூல் அரசு வீழ்ந்தமைக்குப் படைவிலக்கம் உள்ளிட்ட காரணங்கள் பல. அவற்றுள் மக்களின் நம்பிக்கையைப் பெறாத ஆட்சியமைப்பும் ஒன்று. எனவே, இத்தகைய உதவித் திட்டங்களைச் செலவிட்ட தொகையாலோ கட்டிய கட்டடங்களாலோ அளப்பது போதாது. காவலரால் பாதிக்கப்பட்ட ஒருவர் எங்கே முறையிட முடியும், அம்முறையீடு கேட்கப்படுமா என்பதே முதல் அளவுகோலாக அமைதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை இல்லாத இடத்தில் நிலைப்படுத்தப்படுவது அமைதியன்று. பழைய அநீதியே ஆகும்.