பிங் என்னும் சிறு கட்டளை

சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில் வீட்டு இணையம் நின்றால் முதலில் திட்டு வாங்குவது ரவுட்டர்தான். அதை அணைத்துப் போடுமுன் ‘பிங்’ கட்டளையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ஒரு மாலைப்பொழுதில் எழுதியது. இன்றும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இருக்கிறது.

கணினி தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1 பதில் தந்தால் கணினிக்குள் இருக்கும் பிணைய மென்பொருள் சரி. ரவுட்டரின் முகவரி, பல வீடுகளில் 192.168.1.1, பதில் தந்தால் வைஃபை சரி. இணையத்தில் இருக்கும் 8.8.8.8 என்ற முகவரி பதில் தந்தால் வெளியே போகும் வழியும் சரி. அப்போதும் தளம் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

வயலுக்குத் தண்ணீர் வராதபோது வாய்க்காலோரமாகக் கண்மாய் மடைவரை நடந்து பார்க்கும் விவசாயியின் முறை இது. காசு கேட்காத, ஊகம் பேசாத இதைவிட நேர்த்தியான சோதனைக் கருவி வீட்டுக் கணினியில் வேறில்லை.