‘தடம்புரளல்’: நேர்ப்பொருளும் வழக்குப்பொருளும்

ஆங்கிலத்தில் ‘டிரெய்ன் ரெக்’ என்பது தொடர்வண்டி விபத்தைக் குறிப்பதோடு, முற்றிலும் சீர்குலைந்த மனிதரையோ நிகழ்வையோ எள்ளலாகச் சுட்டும் கொச்சை வழக்காகவும் உள்ளது. அது நொறுங்கிக் கிடக்கும் நிலையைக் காட்டுகிறது. அதற்கு அணுக்கமான தமிழ் வழக்கான ‘தடம்புரளல்’ நெறிபிறழ்ந்த செயலைக் காட்டுகிறது. ஆகவே குற்றச்சாட்டும் அதனுள் அடங்குகிறது. ‘தடம்புரண்ட இளைஞர்’ என்னும்போது பிழை இளைஞருடையதாகிறது. தடத்தின் நிலை வினவப்படுவதில்லை.

1956 நவம்பர் 23 அரியலூர் விபத்து இதற்கு மாறானது. மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்ததால் தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நேர்ப்பொருளில் பாதையை நோக்கி எழும் வினாவை உருவகம் கைவிடுகிறது. எனவே, ‘டிரெய்ன் ரெக்’ என்பதைத் ‘தடம்புரளல்’ எனப் பெயர்த்தால், சீர்குலைவு ஒழுக்கக்கேடாகப் பொருள் திரிந்துவிடும்.